ஓனா ஜட்ஜ் திரும்பி வரவில்லை: அமெரிக்காவை உருவாக்கியவர்களும் அவர்களுடைய அடிமைகளும்

1796 மே 21, சனிக்கிழமை. பிலடெல்பியா நகரத்தில் அமெரிக்க ஜனாதிபதியின் வீடு. ஜார்ஜ் வாஷிங்டனும் அவர் மனைவி மார்த்தாவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொந்த ஊரான வர்ஜீனியாவுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். வீடு முழுக்க மூட்டை கட்டும் வேலை. ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண்ணும் அந்தக் கூட்டத்தில் மூட்டை கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் கட்டியது வர்ஜீனியா போவதற்காக இல்லை. எங்கே போகப்போகிறோம் என்று அவருக்கே அப்போது தெரியாது. மேஜையில் சாப்பாடு முடிவதற்குள் ஓனா வீட்டைவிட்டு வெளியேறிவிட்டார்.

சில நாளில் பேப்பரில் விளம்பரம் வந்தது. ஜனாதிபதி வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிப்போய்விட்டாள், முகத்தில் நிறையப் புள்ளிகள் இருக்கும், கண்கள் நல்ல கறுப்பு, பிடித்துக் கொடுத்தால் 10 டாலர் சன்மானம். அதில் இன்னொரு விஷயமும் சேர்த்திருந்தார்கள்: அவள் ஓடிப்போவதற்கு இங்கே எந்தக் காரணமும் இல்லை.

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு எபிசோட் அந்த "எந்தக் காரணமும் இல்லை" பத்தித்தான்.

கொஞ்ச நாள் முன்னாடி நாம அமெரிக்கப் புரட்சி பத்திப் பேசினோம் இல்லையா, அதைக் கேட்ட ஒரு நண்பர் மெயில் அனுப்பியிருந்தார். "வாஷிங்டன், ஜெஃபர்சன் எல்லாம் அடிமை வச்சிருந்தாங்கன்னு சொல்லிச் சொல்லிக் காட்டுறீங்க. அந்தக் காலத்துல அப்படித்தானே ப்ரோ? 18ஆம் நூற்றாண்டு ஆளை 21ஆம் நூற்றாண்டு அளவுகோல்ல அளக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்லணும்னா, நானும் ரொம்ப நாள் இதே பதிலைத்தான் வச்சிருந்தேன். அவங்களுக்கு அது தப்புன்னே தெரிஞ்சிருக்காது, அவங்க வளர்ந்த உலகம் அப்படி என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் எழுதின கடிதங்களைப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பதிலை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஏன்னு சொல்றேன்.

அவங்களுக்குத் தெரியாதா?

முதலில் பேட்ரிக் ஹென்றி. "சுதந்திரம் கொடு, இல்லேன்னா சாவைக் கொடு" என்று முழங்கியவர் என்று அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கப்படுகிறவர். அந்த முழக்கத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், 1773 ஜனவரியில், அடிமை முறையை எதிர்க்கும் குவேக்கர் நண்பர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதுகிறார். அதன் சாரம் இதுதான்: நானே அடிமைகளை வாங்கி வைத்திருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? அவர்கள் இல்லாமல் இங்கே வாழ்வது வசதிக்குறைவு, அதனால் இழுபட்டுப் போகிறேன். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன், நியாயப்படுத்தவும் முடியாது.

வேதம் அனுமதிக்கிறது, அவர்கள் தாழ்ந்த இனம் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. சொன்ன காரணம் வசதி. தப்பு என்று தெரிகிறது, ஆனால் விட்டால் கஷ்டமா இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து ஜேம்ஸ் மேடிசன். அமெரிக்க அரசியல் சட்டத்தின் தந்தை என்று பேர் வாங்கியவர், பின்னாளில் நாலாவது ஜனாதிபதி. அவரோடு பிலடெல்பியாவில் பில்லி என்ற அடிமை இருந்தார். 1783ல் ஊர் திரும்பும் நேரம் வந்தபோது மேடிசன் தன் அப்பாவுக்கு எழுதுகிறார்: பில்லியைக் கூட்டிக்கொண்டு வர முடியாது, அவன் மனசு மாறிவிட்டது, வர்ஜீனியாவில் மற்ற அடிமைகளோடு இனிமேல் சேர்த்து வைக்க முடியாது. எந்தச் சுதந்திரத்துக்காக நாம இவ்வளவு ரத்தம் சிந்தினோமோ, அதே சுதந்திரத்துக்கு ஆசைப்பட்ட ஒரே குற்றத்துக்காக அவனைத் தண்டிக்க எனக்கு மனமில்லை என்றும் எழுதினார்.

எவ்வளவு தெளிவா யோசிச்சிருக்கார் பாருங்க. பில்லி கேட்பதும் தாங்கள் கேட்டதும் ஒன்றுதான் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. சரி, அப்புறம் என்ன பண்ணார்? விடுதலை செய்தாரா? இல்லை. குறிப்பிட்ட வருஷம் வேலை செய்து கழித்தால் விடுதலை என்ற ஒப்பந்தத்தில் பென்சில்வேனியாவிலேயே விற்றார். 1836ல் மேடிசன் இறந்தபோது அவருடைய உயிலில் ஒரே ஒரு அடிமைக்குக்கூட விடுதலை இல்லை.

மூன்றாவது தாமஸ் ஜெஃபர்சன். 1776ல், பிலடெல்பியாவில் வாடகை அறையில் உட்கார்ந்து சுதந்திரப் பிரகடனத்தை எழுதுகிறார். மனிதர்கள் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் அந்தப் பிரகடனம். அவர் எழுதும்போது அவருக்கு வேண்டியதைக் கவனித்துக்கொள்ள ஊரிலிருந்து 14 வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தார். பேர் ராபர்ட் ஹெமிங்ஸ், அவருடைய அடிமை. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஜெஃபர்சனின் மாமனாருக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் அவன். நம்ம உறவுமுறையில் சொன்னால் ஜெஃபர்சனுக்கு மச்சினன்.

பிரகடனத்தின் முதல் வரைவில் அடிமை வியாபாரத்தைக் கடுமையாகத் திட்டி ஜெஃபர்சன் ஒரு பத்தியே எழுதியிருந்தார். மனித இயல்புக்கே எதிரான கொடுமை என்று சொல்லி, மொத்தப் பழியையும் இங்கிலாந்து ராஜா தலையில் போட்டிருந்தார். காங்கிரஸ் அந்தப் பத்தியை நீக்கிவிட்டது. தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒத்துக்கொள்ளவில்லை, அடிமைக் கப்பல் ஓட்டிச் சம்பாதித்த வடக்குக்காரர்களுக்கும் உறுத்தியது என்று ஜெஃபர்சனே பிறகு குறித்து வைத்திருக்கிறார்.

ஆக, "தெரியாமல் செய்தார்கள்" என்பது நிற்காது. அது தப்பு என்று 21ஆம் நூற்றாண்டு ஆட்கள் போய் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆறு மாசக் கணக்கு

இப்ப வாஷிங்டன். 11 வயதில் அப்பா இறந்தபோதே 10 அடிமைகளுக்குச் சொந்தக்காரர் ஆனவர். 1759ல் மார்த்தாவைக் கல்யாணம் செய்தார். மார்த்தா ஒரு பெரிய பணக்காரரின் விதவை. முதல் கணவரின் சொத்தில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, அதில் அடிமைகளும் உண்டு. ஆனால் அது ஆயுள்வரை அனுபவிக்கும் பாத்தியதை மட்டும்தான். விற்கவோ விடுதலை செய்யவோ அவருக்கும் உரிமை கிடையாது, வாஷிங்டனுக்கும் கிடையாது. மார்த்தாவுக்குப் பிறகு அந்த மனிதர்கள் முதல் கணவரின் வாரிசுகளுக்குப் போவார்கள். ஓனா அப்படிப்பட்ட அடிமை. ஓனாவின் அம்மா பெட்டி, தையல்காரி. அம்மா யாருக்குச் சொந்தமோ, பிள்ளையும் அவருக்குச் சொந்தம். இதுதான் சட்டம்.

1790ல் தலைநகரம் பிலடெல்பியாவுக்கு மாறியது. அங்கே ஒரு சிக்கல். பென்சில்வேனியா 1780லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்டிருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் தன் அடிமையைக் கூட்டி வந்து ஆறு மாதம் தொடர்ந்து வைத்திருந்தால், அந்த அடிமை விடுதலை கேட்கலாம். காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு விலக்கு இருந்தது. ஜனாதிபதிக்கு? அந்தச் சட்டம் எழுதும்போது ஜனாதிபதி என்று ஒரு பதவியே இல்லை.

நாட்டின் அட்டர்னி ஜெனரல் எட்மண்ட் ராண்டால்ஃப் 1791ல் வந்து எச்சரித்தார். அவருடைய சொந்த அடிமைகளே இந்தச் சட்டத்தைச் சொல்லி விடுதலை கேட்டிருந்தார்கள். உடனே வாஷிங்டன் தன் செயலாளர் டோபயஸ் லியருக்குக் கடிதம் எழுதினார். ஆறு மாதம் முடிவதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். அந்தச் சாக்கு அவர்களையும் நம்ப வைக்கணும், ஊரையும் நம்ப வைக்கணும். இது உங்களுக்கும் என் மனைவிக்கும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது.

லியரும் வழி சொல்கிறார். மார்த்தா பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் டிரெண்டன் நகரத்துக்கு ஒரு எட்டுப் போய்வரப் போகிறார், ஓனாவும் கூடப் போவார், எல்லை தாண்டியதாகக் கணக்காகிவிடும், எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். இப்படிச் சுற்றவிடக் கூடாது என்பதற்காகவே 1788ல் பென்சில்வேனியா சட்டத்தைத் திருத்தியிருந்தது என்பதையும் சேர்த்துக்கோங்க.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், 1786ல், அடிமை முறையை ஒழிக்க ஒரு சட்டம் வர வேண்டும் என்று என்னைவிட உண்மையாக விரும்புகிறவர் யாரும் இல்லை என்று நண்பருக்கு எழுதியவர்தான் இந்த வாஷிங்டன். அப்படிப்பட்ட சட்டம் உண்மையிலேயே ஒன்று அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அதிலிருந்து தப்பிக்கத்தான் வழி தேடினார்.

1796 வசந்தத்தில் ஓனாவுக்கு ஒரு செய்தி தெரிந்தது. மார்த்தாவின் பேத்தி எலிசபெத்துக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. தன்னை அந்தப் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள். வர்ஜீனியா போனால் பிறகு வாழ்நாளில் தப்பிக்கவே முடியாது என்று ஓனாவுக்குப் புரிந்துவிட்டது. பிலடெல்பியாவில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பர்கள் நிறையப் பேர். அவர்களில் நண்பர்கள் இருந்தார்கள். தன் துணிமணிகளை முன்கூட்டியே அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். அப்புறம் அந்தச் சனிக்கிழமை. அங்கிருந்து கப்பல் ஏறி, வடக்கே நியூ ஹாம்ஷயரின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இறங்கினார்.

சட்டத்தில் இல்லாத சொல்

ஓனா அங்கே இருக்கட்டும், திரும்ப வருவோம். அதுக்கு முன்னாடி அரசியல் பக்கம் ஒரு பார்வை பார்த்துடலாம். ஏன்னா, ஒருவர் வீட்டில் அடிமை வைத்திருப்பது வேறு, அந்த வீட்டை ஒரு நாட்டின் சட்டத்துக்குள் கட்டிவிடுவது வேறு.

1787ல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதினார்கள். அந்தச் சட்டத்தில் "அடிமை" என்ற சொல்லே கிடையாது, தேடிப் பாருங்க. மனிதன் மனிதனுக்குச் சொத்தாக இருக்கலாம் என்ற கருத்தை அரசியல் சட்டத்தில் ஒத்துக்கொள்வது தவறு என்று மேடிசனே அந்தக் கூட்டத்தில் சொன்னார். சொல்லை எழுதவில்லை, விஷயத்தை எழுதினார்கள். மூன்று இடங்களில்.

ஒன்று, நாடாளுமன்ற இடங்களைப் பங்கிட மக்கள்தொகையை எண்ணும்போது, அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் அவர்கள் தலையை எண்ணி எஜமானர்களின் மாநிலத்துக்குக் கூடுதல் இடம். இரண்டு, வெளியிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 வரை காங்கிரஸ் தடுக்க முடியாது. மூன்று, ஒரு மாநிலத்திலிருந்து தப்பி இன்னொரு மாநிலத்துக்குப் போனவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இந்த மூன்றாவதை நடைமுறைப்படுத்த 1793ல் தனிச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி வாஷிங்டன். மூன்று வருஷம் கழித்து ஓனா தப்பித்தபோது அவரைத் துரத்திய சட்டம் அதுதான்.

அந்த ஐந்தில் மூன்று கணக்கு சும்மா இல்லை. ஜனாதிபதி தேர்தலிலும் அதுதான் வாக்குகளைத் தீர்மானித்தது. 1800 தேர்தலில் ஜெஃபர்சன், ஜான் ஆடம்ஸை 73க்கு 65 என்று ஜெயித்தார். அடிமைகளை எண்ணியிருக்காவிட்டால் ஆடம்ஸ் ஜெயித்திருப்பார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். முதல் 36 வருஷத்தில் 32 வருஷம் அமெரிக்காவை ஆண்டது அடிமை வைத்திருந்த வர்ஜீனியாக்காரர்கள். நடுவில் நாலே வருஷம் ஆண்ட ஆடம்ஸ் மட்டும் வாழ்க்கையில் ஓர் அடிமையும் வைத்துக்கொள்ளாதவர்.

நாலு சதவீதம்

ஜெஃபர்சனுக்கு மறுபடியும் வருவோம். வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு அவர் சொந்தக்காரர். அவருடைய மாண்டிசெல்லோ மாளிகைக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கும் பட்டறை இருந்தது. அதில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் 10 முதல் 16 வயதுப் பையன்கள். ஒவ்வொருவரும் எவ்வளவு இரும்பு எடுத்தான், எவ்வளவு ஆணியாக்கினான், எவ்வளவு வீணாக்கினான் என்று ஜெஃபர்சன் கணக்கு எழுதி வைப்பார்.

1792ல் பண்ணை லாபத்தைக் கணக்கிடும்போது, அடிமைகள் பிள்ளை பெறுவதால் வருஷத்துக்கு 4 சதவீதம் வளர்ச்சி என்று ஒரு வரி சேர்க்கிறார். 1820ல் இன்னும் வெளிப்படையாக, இரண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறும் பெண், பண்ணையின் சிறந்த ஆண் வேலையாளைவிட லாபம் என்று எழுதுகிறார். அதே 1820ல் இன்னொரு கடிதத்தில் அடிமை முறையைப் பற்றி, ஓநாயின் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்கிறார். நாம புலிவால் பிடித்த கதைன்னு சொல்றோமே, அதுதான். ஆனா புலிவாலைப் பிடிச்சவன் வருஷா வருஷம் அந்தப் புலியால எத்தனை சதவீதம் லாபம்னு கணக்கு எழுதிட்டிருக்க மாட்டான்.

சாலி ஹெமிங்ஸ் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. முன்னாடி சொன்ன ராபர்ட்டின் தங்கை, அதாவது ஜெஃபர்சனின் இறந்துபோன மனைவிக்கு அப்பா வழியில் தங்கை. 1787ல் ஜெஃபர்சனின் மகளுக்குத் துணையாக பாரிஸ் வந்தபோது சாலிக்கு 14 வயது. ஜெஃபர்சனுக்கு 44. பிரான்சில் சாலி விடுதலை கேட்டிருந்தால் கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. பிறக்கப்போகும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்ததால்தான் திரும்பினார் என்று அவர் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873ல் சொல்லியிருக்கிறார். ஆறு பிள்ளைகள், நாலு பேர் பெரியவர்களாக வளர்ந்தார்கள். 1998ல் நடந்த டி.என்.ஏ. சோதனை ஜெஃபர்சன் வம்சத்துக்கும் சாலியின் வம்சத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. ஜெஃபர்சன்தான் தந்தை என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இன்று ஏற்கிறார்கள்.

இதைக் காதல் கதையாக எழுதியவர்கள் உண்டு. "முடியாது" என்று சொல்ல ஒரு பெண்ணுக்குச் சட்டத்தில் இடமே இல்லாதபோது அதற்கு அந்தப் பேர் பொருந்துமா என்று நீங்களே யோசியுங்க.

1826 ஜூலை 4, பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில் ஜெஃபர்சன் இறந்தார். ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. மேஜை, நாற்காலி, மாடு, கூடவே 130 மனிதர்கள். ஜோசப் ஃபாசெட் என்ற கொல்லருக்கு ஜெஃபர்சன் தன் உயிலில் விடுதலை எழுதியிருந்தார். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதவில்லை. விடுதலை வரப்போகும் அந்த மனிதர் இருக்கும்போதே அவருடைய குடும்பம் ஏலத்தில் பிரிந்து போனது.

அதே காலம், அதே ஊர்

சரி, "அந்தக் காலத்துல வேற எப்படித்தான் இருந்திருக்க முடியும்?" இதுதான் நம்ம நண்பரோட அசல் கேள்வின்னு நினைக்கிறேன். அதனால அந்தக் காலத்து ஆட்கள் மூணு பேரையே கூப்பிடுறேன்.

ராபர்ட் கார்ட்டர். வர்ஜீனியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். வாஷிங்டன் பிறந்த அதே வெஸ்ட்மோர்லேண்ட் மாவட்டத்தில்தான் அவருடைய மாளிகை. எஜமானர்கள் விரும்பினால் அடிமைகளை விடுவிக்கலாம் என்று வர்ஜீனியா 1782ல் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் வாஷிங்டனுக்கும் ஜெஃபர்சனுக்கும் இருந்தது, கார்ட்டருக்கும் இருந்தது. 1791ல் கார்ட்டர் ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்தார். படிப்படியாக 450க்கும் அதிகமான மனிதர்களுக்கு விடுதலை. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கடுப்பானார்கள். அவர் பின்வாங்கவில்லை. இவர் பேரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

எட்வர்ட் கோல்ஸ். மேடிசன் ஜனாதிபதியாக இருந்தபோது அவருடைய செயலாளர். சொத்தாக வந்த அடிமைகளை விடுவிக்க முடிவு செய்த இந்த இளைஞர் 1814ல் ஜெஃபர்சனுக்கு எழுதினார்: நீங்கள் முன்னால் நின்று பேசினால் நாடு கேட்கும், பேசுங்கள். ஜெஃபர்சன் பாராட்டிப் பதில் எழுதினார். எனக்கு வயசாகிவிட்டது, இது இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலை, ஆனால் நீ உன் அடிமைகளை விட்டுவிட்டுப் போகாதே என்றார். கோல்ஸ் கேட்கவில்லை. 1819ல் அவர்களை அழைத்துக்கொண்டு இல்லினாய்ஸ் கிளம்பினார். வழியில் ஒஹாயோ நதியில், படகில் வைத்து, நீங்கள் எல்லாரும் இனி சுதந்திரமானவர்கள் என்றார். குடும்பத் தலைவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் நிலமும் கொடுத்தார். பிறகு இல்லினாய்ஸ் கவர்னராகி, அங்கே அடிமை முறையைக் கொண்டுவர நடந்த முயற்சியைத் தோற்கடித்தார்.

மூன்றாவது ஆள் எனக்கு ரொம்பப் பிடிச்சவர். மாசசூசெட்ஸில் பெட் என்று கூப்பிடப்பட்ட அடிமைப் பெண். எஜமானி ஒரு நாள் சூடான அடுப்புக் கரண்டியை ஓங்க, அடி பெட்டின் கையில் விழுந்தது. 1780ல் மாசசூசெட்ஸ் தனக்கென்று அரசியல் சட்டம் கொண்டுவந்தது. பெரும்பகுதியை எழுதியவர் ஜான் ஆடம்ஸ். எல்லா மனிதர்களும் பிறப்பால் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள் என்று அதில் இருந்தது. பெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டார். நேராக தியோடர் செட்ஜ்விக் என்ற வக்கீலிடம் போனார். சட்டம் எல்லாரும் என்கிறதே, நானும் அதில் சேர்த்திதானே என்று வழக்குப் போட்டார். 1781ல் ஜெயித்தார். எலிசபெத் ஃப்ரீமேன் என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டார். அடுத்த சில வருஷத்தில் இதைப் போன்ற வழக்குகளின் வழியாகவே மாசசூசெட்ஸில் அடிமை முறை சட்டத்தின் பலத்தை இழந்தது.

"அந்தக் காலம்" என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் யார் வருகிறார்கள்? எஜமானர்கள் மட்டும்தான். 1790 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் கிட்டத்தட்ட 7 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களும் அந்தக் காலத்து ஆட்கள்தானே? அடிமை முறை சரியா தப்பா என்று அவர்களிடம் கேட்டிருந்தால், அந்தக் காலத்தின் கருத்து வேறு மாதிரி வந்திருக்கும்.

உயிலும் ஒரு பதிலும்

வாஷிங்டனுக்கு நியாயம் செய்யணும். 1799ல், இறப்பதற்கு ஐந்து மாதம் முன்னால், அவர் தன் கையாலேயே உயில் எழுதினார். அப்போது மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள். அவர்களில் தனக்குச் சொந்தமான 120க்கும் மேற்பட்டவர்களுக்கு, மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை. வயதானவர்களைப் பராமரிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார். புரட்சிப் போர் முழுக்கக் கூடவே இருந்த வில்லியம் லீக்கு உடனடி விடுதலை. அடிமை வைத்திருந்த வர்ஜீனியா ஜனாதிபதிகளில் இப்படிச் செய்தவர் இவர் ஒருவர்தான். இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மார்த்தாவின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அவர் எப்போது சாவார் என்பதில்தான் வீட்டில் இருக்கும் அத்தனை பேரின் விடுதலையும் இருக்கிறது. அவர் பயந்துபோயிருந்தார் என்று அபிகேல் ஆடம்ஸ் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். 1801 ஜனவரி 1 அன்று மார்த்தாவே அவர்களை முன்கூட்டி விடுவித்தார். 1802ல் அவர் இறந்தபோது, முதல் கணவரின் சொத்தாக வந்த 150க்கும் மேற்பட்டவர்கள் நாலு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே கல்யாணம் செய்திருந்த குடும்பங்கள் உடைந்தன.

இப்ப ஓனா. போர்ட்ஸ்மத்தில் அவரை ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டார். வாஷிங்டனுக்குச் செய்தி போனது. அவர் நிதியமைச்சர் வழியாக அந்த ஊர்ச் சுங்க அதிகாரி ஜோசப் விப்பிளைப் பிடித்தார். விப்பிள் ஓனாவிடம் பேசிப் பார்த்துவிட்டு எழுதினார்: உங்கள் இருவர் காலத்துக்குப் பிறகு விடுதலை தருவதாகச் சொன்னால் திரும்பி வருகிறாளாம். வாஷிங்டன் மறுத்துவிட்டார். அப்படி ஒத்துக்கொண்டால் துரோகத்துக்குப் பரிசு கொடுத்தது போலாகும், விசுவாசமாக இருக்கும் மற்றவர்கள் மனசும் கெட்டுவிடும் என்றார். அவருடைய உயிலில் மற்றவர்களுக்கு எழுதியதும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான், மூன்று வருஷம் கழித்து. ஓனா விஷயத்தில் அதற்கு மார்த்தா குடும்பத்துக்கு ஈடு கட்ட வேண்டியிருந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் கடிதத்தில் அவர் சொன்ன காரணம் பணம் இல்லை.

1799ல் மார்த்தாவின் உறவினர் பர்வெல் பாசெட் ஓனாவைத் தேடி மறுபடி போர்ட்ஸ்மத் வந்தார். இந்தமுறை பலாத்காரமாகவாவது கூட்டிப்போகத் திட்டம். செனட்டர் ஜான் லாங்டன் வீட்டு விருந்தில் அவர் வாய்விட்டுச் சொல்ல, ஓனாவுக்குத் தகவல் போய்விட்டது. ஓனா பக்கத்து ஊருக்குத் தப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஓனா கப்பல் மாலுமி ஜாக் ஸ்டெயின்ஸைக் கல்யாணம் செய்திருந்தார், படிக்கக் கற்றுக்கொண்டார். சீக்கிரமே விதவையானார். பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்தார். வறுமையில்தான் வாழ்ந்தார். அவர் தப்பித்ததற்கு விலை கொடுத்தவர் இன்னொருவரும் உண்டு. ஓனாவுக்குப் பதிலாக அவருடைய தங்கையை அந்தப் பேத்தியிடம் கொடுத்தார்கள்.

1840களில் பத்திரிகைக்காரர்கள் இரண்டு முறை அவரைத் தேடி வந்து பேட்டி எடுத்தார்கள். சட்டப்படி அப்போதும் அவர் தப்பியோடிய அடிமைதான். ஜனாதிபதி வீட்டில் நல்ல துணி, நல்ல சாப்பாடு, அதைவிட்டு இவ்வளவு கஷ்டப்பட்டோமே என்று வருத்தமா என்று கேட்டார்கள். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார். 1848 பிப்ரவரியில் ஓனா இறந்தார். வாஷிங்டன் போய் அப்போது 48 வருஷம் ஆகியிருந்தது.

வாஷிங்டனின் சமையல்காரர் ஹெர்குலிஸும் 1797ல், சரியாக வாஷிங்டனின் பிறந்தநாளன்று தப்பினார். சில வாரம் கழித்து மவுண்ட் வெர்னானுக்கு வந்த ஒரு பிரெஞ்சு விருந்தாளியின் ஆள், ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம், அப்பாவை இனிமேல் பார்க்க முடியாதே, வருத்தமா என்று கேட்டார். இல்லை, சந்தோஷம், அப்பா இப்போ விடுதலையாயிட்டார்ல என்றாள் அந்தப் பொண்ணு.

மெயில் அனுப்பின நண்பருக்கு என் பதில் இதுதான். அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்துக்கலாம், எனக்குச் சம்மதம். ஆனா ஜெஃபர்சன் கையில இருந்த அளவுகோலை மட்டும் எடுக்க வேண்டாம். ஓனா கையிலயும் எலிசபெத் ஃப்ரீமேன் கையிலயும் அந்த ஆறு வயசுப் பொண்ணு கையிலயும் ஒண்ணு இருந்துச்சு. அதையும் சேர்த்து எடுத்துப்போம்.

நீங்க என்ன நினைக்கிறீங்க, எழுதுங்க. மாத்துக் கருத்து இருந்தா அதையும் எழுதுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.